மூன்று கப்பல்களின் கணக்கு

இராயபுரத்தில் தொடங்கி காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர் வழியாக எண்ணூர் வரை கடலோரமாகவே போகிறது ஒரு சாலை. டேங்கர்களும் டிரெய்லர்களும் இரவு பகலாக ஓடும் அந்தச் சாலையை ஒட்டிய வட்டாரத்தில் வந்து இறங்கும் சரக்குகளில் இரண்டுக்கு நெருங்கிய உறவு உண்டு. ஒன்று சமையல் எண்ணெய். மற்றொன்று உரமும் அதற்கான மூலப்பொருளும். ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில், மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் காய்த்துக் கப்பலேறி வருவது. அது இந்தியாவுக்குள் நுழையும் வாசல்களில் சென்னைத் துறைமுகமும் ஒன்று. 2023-24 எண்ணெய் ஆண்டில் நாடு இறக்குமதி செய்த சமையல் எண்ணெய் சுமார் 160 லட்சம் டன். அதில் பாதிக்கு மேல் பாமாயில். இந்த இறக்குமதிச் செலவைக் குறைக்கத்தான் மத்திய அரசு 2021 ஆகஸ்டில் 11,040 கோடி ரூபாய் மதிப்பில் எண்ணெய்ப்பனைக்கென்று தேசிய இயக்கம் ஒன்றை அறிவித்தது. 2025-26க்குள் எண்ணெய்ப்பனைப் பரப்பை 10 லட்சம் ஹெக்டேராக உயர்த்துவது அதன் இலக்கு. தமிழ்நாட்டில் 1990களிலிருந்தே திருச்சி, அரியலூர், தஞ்சாவூர், கரூர், கடலூர் என்று பல மாவட்டங்களில் இந்த மரம் நிற்கிறது. இப்போது புதிதாகவும் நட ஊக்கம் தருகிறார்கள். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கணக்கில் ஒரு பெரிய பத்தி விடுபட்டிருக்கிறது. எண்ணெய்ப்பனை மண்ணிலிருந்து எடுப்பது கொஞ்சநஞ்சமல்ல. எடுத்ததைத் திருப்பித் தர உர மூட்டை வேண்டும். அந்த மூட்டையும் கப்பலில்தான் வருகிறது. எண்ணெய்க் கப்பலைக் குறைத்துவிட்டு அதற்குப் பதிலாகப் பொட்டாஷ் கப்பலையும் அம்மோனியா கப்பலையும் கூட்டினால் தற்சார்பு பாதியிலேயே நின்றுவிடும். மூன்று கப்பல்களையும் ஒரே ஏட்டில் வைத்துத்தான் இந்தத் திட்டத்தை அளக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

வடசென்னைக்கும் உரத்துக்கும் உள்ள தொடர்பு நீண்டது. பாரி கம்பெனி 1906-ல் ராணிப்பேட்டையில் சூப்பர் பாஸ்பேட் ஆலையைத் தொடங்கி நாட்டின் உரத் தொழிலுக்கு அடிக்கல் போட்டது. 1960களில் அதன் காம்ப்ளக்ஸ் உர ஆலை எண்ணூர்க் கடலோரத்தில் எழுந்தது. இன்று அது கோரமண்டல் இன்டர்நேஷனல் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. மணலியில் 1966 டிசம்பரில் மெட்ராஸ் ஃபெர்ட்டிலைசர்ஸ் பதிவாகி, 1971-ல் உற்பத்திக்கு வந்தது. 'விஜய்' யூரியா மூட்டை தெரியாத டெல்டா விவசாயி கிடையாது. பக்கத்திலிருந்த சுத்திகரிப்பு ஆலையின் நாப்தாதான் பல பத்தாண்டுகள் அதன் மூலப்பொருள். 2019-ல் அது இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. அந்த எரிவாயுவும் திரவமாக எண்ணூர் முனையத்தில் கப்பலிலிருந்து இறங்குவதே. ஆக, காற்றிலிருந்து எடுக்கும் நைட்ரஜனை உரமாக்கத் தேவையான ஹைட்ரஜனும், அதைப் பிரித்தெடுப்பதற்கான எரிசக்தியும் கடல் தாண்டித்தான் வருகின்றன. எண்ணூர் ஆலைக்கு வேண்டிய அம்மோனியா, உறைகுளிரில் திரவமாகக் கப்பலில் வந்து, கடலுக்கடியில் போட்ட குழாய் வழியாகக் கரைக்கு வருகிறது. பொட்டாஷோ முழுக்க முழுக்க இறக்குமதி. எடுத்து விற்கும் அளவுக்குப் பொட்டாஷ் சுரங்கம் இந்தியாவில் இல்லை. கனடா, ரஷ்யா, பெலாரஸ், இஸ்ரேல், ஜோர்டான் தயவில்தான் நம் சாம்பல்சத்து, அதாவது பொட்டாசியம். எண்ணூரில் தயாராகும் காம்ப்ளக்ஸ் மூட்டையைப் பார்த்தால் இது விளங்கும். அதன்மேல் 16-20-0-13 என்று அச்சிட்டிருக்கும். தழைச்சத்து (நைட்ரஜன்) 16 பங்கு, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 20, கடைசியில் கந்தகம் 13. நடுவில் நிற்கும் பூஜ்யம்தான் சாம்பல்சத்து. எண்ணெய்ப்பனை மற்ற எந்தச் சத்தையும்விட அதிகமாகக் கேட்பது அந்தப் பூஜ்யத்தின் இடத்தில் இருக்க வேண்டியதை.

உரம் என்பது வயலில் மட்டும் நடக்கும் விஷயம் என்று நினைப்பவர்களுக்கு 2023 டிசம்பர் 26 இரவை நினைவூட்ட வேண்டும். அன்று நள்ளிரவை நெருங்கிய நேரத்தில், எண்ணூர் பெரியகுப்பத்துக்கு எதிரே கடலுக்கடியில் போகும் அம்மோனியா குழாயில் கசிவு ஏற்பட்டது. தூக்கத்திலிருந்தவர்கள் மூச்சுத் திணறி, கண்ணெரிந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எடுத்த அளவுகளின்படி, ஆலை வாசலருகே காற்றில் அம்மோனியா ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம். இருக்கத்தக்க அளவு 400. கசிந்த இடத்தில் கடல் நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம், வரம்பு 5. அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் எண்ணெய்க் கசடு படர்ந்து, வலையும் படகும் பாழாகி மீனவர்கள் தொழிலின்றிக் கிடந்தார்கள். இதற்கு முன், 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகத்தில் அம்மோனியம் நைட்ரேட் கிடங்கு வெடித்த பிறகு, மணலிக் கிடங்கில் ஐந்தாண்டுகளாகக் கிடந்த கிட்டத்தட்ட 700 டன் அம்மோனியம் நைட்ரேட்டைப் பற்றி ஊரே பதறியது. ஒரு கிலோ தழைச்சத்து வயலுக்குப் போய்ச் சேரும் முன், அதன் ஆபத்தில் ஒரு பங்கைப் பெரியகுப்பமும் சின்னக்குப்பமும் தாழங்குப்பமும் ஏற்றுக்கொண்டாகிவிட்டது. ஆகவே எந்தப் பயிருக்கு எவ்வளவு உரம், அதில் எவ்வளவு வீணாகிறது என்ற கேள்வி வேளாண் துறையோடு முடிவதில்லை. எண்ணூர்க்காரர்களுக்கும் அதில் பேச்சுரிமை உண்டு.

இனி மரத்துக்கு வருவோம். எண்ணெய்ப்பனையை ஒன்பது மீட்டர் முக்கோண இடைவெளியில் நட்டால் ஹெக்டேருக்கு 143 மரம். மூன்றாம் ஆண்டு தாண்டிய மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 1,200 கிராம் தழைச்சத்து, 600 கிராம் மணிச்சத்து, 2,700 கிராம் வரை சாம்பல்சத்து, இதோடு 500 கிராம் மக்னீசியம் சல்பேட், 100 கிராம் போராக்ஸ் என்பது இங்குள்ள பரிந்துரை. பெருக்கிப் பார்த்தால் ஹெக்டேருக்கு 386 கிலோ சாம்பல்சத்து. அதாவது 50 கிலோ பொட்டாஷ் மூட்டையில் ஏறத்தாழ 13 மூட்டை. யூரியா 45 கிலோ மூட்டையில் எட்டுக்கு மேல். நெல்லுக்குப் பொதுவாகச் சொல்லும் பரிந்துரை, தழை, மணி, சாம்பல் சத்துகள் முறையே ஹெக்டேருக்கு 150-50-50 கிலோ. தழைச்சத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சாம்பல்சத்தில் எண்ணெய்ப்பனை கேட்பது ஏழு மடங்குக்கு மேல். நெல்லை எடுத்துவிட்டு எண்ணெய்ப்பனை நடும் டெல்டா விவசாயி, தண்ணீர்க் கணக்கோடு பொட்டாஷ் கணக்கையும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இலக்கு வைத்த 10 லட்சம் ஹெக்டேரும் முழுப் பரிந்துரைப்படி உரம் பெற்றால் வேண்டிய பொட்டாஷ் ஆறு லட்சம் டன்னைத் தாண்டும். நாடு முழுவதும் எல்லாப் பயிருக்குமாகச் சேர்த்து நாம் இறக்குமதி செய்யும் பொட்டாஷ், ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கி, ஏறத்தாழ 20 முதல் 40 லட்சம் டன்தான். ஒரே ஒரு மரப்பயிர் அதில் இவ்வளவு பெரிய பங்கைக் கேட்கும் என்பது நடவுக் கொண்டாட்டங்களில் யாரும் பேசாத செய்தி.

அளவு ஒரு பக்கம், மண் மறுபக்கம். மலேசியத் தோட்டங்களில் உருவான உர முறையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாததற்குக் காரணம் மண்ணின் வேதியியல். அங்கே மழை வெளுத்த அமில மண். சத்தைப் பிடித்துவைக்கும் திறன் குறைவு. போட்ட பொட்டாஷ் மழையோடு இறங்கிப் போகும். அம்மோனியம் உரத்தைத் தொடர்ந்து போட்டால் மண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றும்போது வெளிவரும் அமிலம் மரத்தடி மண்ணை இன்னும் புளிக்க வைக்கும். இங்கே நிலைமை தலைகீழ். சுண்ணாம்புப் பாறைக்குப் பேர்போன அரியலூர்ப் பக்கத்து மண்ணிலும், டெல்டாவின் களர்பட்ட பகுதிகளிலும் காரத்தன்மை தூக்கலாக இருக்கும். கரிமச் சத்து மிகக் குறைவு. இந்த மண்ணில் மணிச்சத்தைச் சுண்ணாம்பு கட்டிப்போட்டுவிடும். வேரடியில் கால்சியம் குவிந்திருப்பதால் மரம் பொட்டாசியத்தை எடுக்கத் திணறும். அதற்காகப் பொட்டாஷை மேலும் மேலும் கொட்டினால் மக்னீசியம் உள்ளே போக வழியில்லாமல் நிற்கும். அப்போது அடிமட்டைகளில் வெயில் படும் ஓலை ஆரஞ்சு கலந்த மஞ்சளாகும். மேல் ஓலையின் நிழல் விழுந்த இடம் மட்டும் பச்சையாகவே இருக்கும். இதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து வாய்க்காலைத் திறப்பவர்கள் உண்டு. போரான் குறைந்தால் குருத்தோலை நுனி கொக்கிபோல் வளையும். ஒரு சத்தின் மிகுதி இன்னொன்றின் பஞ்சமாக மாறும் இந்த மண்ணில், மூட்டைக் கணக்கில் ஒரே பரிந்துரையை எல்லாத் தோட்டத்துக்கும் எழுதிக் கொடுப்பது உரத்தை வீணாக்கும் உறுதியான வழி.

யூரியா கதை இதைவிட மோசம். காய்ந்த கார மண்ணின் மேல் யூரியாவைத் தூவிவிட்டுப் போனால், மண்ணிலுள்ள நொதி அதை அம்மோனியம் கார்பனேட்டாக உடைக்கிறது. குருணையைச் சுற்றி காரத்தன்மை இன்னும் ஏறுகிறது. அம்மோனியா வாயுவாகி மேலே போய்விடுகிறது. வெயிலும் காற்றும் சேர்ந்தால் போட்டதில் கால் பங்குகூட இப்படிப் போக வாய்ப்புண்டு. பெரியகுப்பத்தில் மூச்சை அடைத்த அதே வாயுதான் இது. வயலில் மெல்லப் பரவுவதால் யாரும் உணர்வதில்லை. எண்ணூரில் இறக்கிய எரிவாயுவைச் செலவிட்டு யூரியாவாக்கிய நைட்ரஜனை மறுபடி அம்மோனியாவாகவே காற்றில் விடுவதற்கு நாம் மானியமும் தருகிறோம். தடுப்பது கடினமல்ல. உரத்தை மூன்று நான்கு தவணையாகப் பிரித்து, மரத்தைச் சுற்றிய வட்டப் பாத்தியில் இட்டு, மண்ணைக் கொத்திவிட்டு, உடனே தண்ணீர் கட்டினால் இழப்பு பெருமளவு குறையும். சொட்டுநீரில் கரைத்து விட்டால் இன்னும் நல்லது. காரமண்ணுக்குக் கந்தகமும் அம்மோனியமும் கலந்த எண்ணூர் மூட்டை யூரியாவைவிடப் பொருத்தமானதும்கூட. மலேசியாவில் கெடுதலாகும் அதன் அமிலம் இங்கே நன்மை செய்யும்.

மரத்துக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கண்டுபிடிக்க உலகெங்கும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் பின்பற்றும் வழி ஒன்று உண்டு. முழுதாக விரிந்த புது மட்டையை ஒன்று என்று எண்ணத் தொடங்கினால், மட்டைகள் மரத்தைச் சுற்றிப் புரிபுரியாக அடுக்கியிருப்பதால் முதல் மட்டைக்கு நேர் கீழே ஒன்பதாவது, அதற்கும் கீழே பதினேழாவது வரும். அந்தப் பதினேழாவது மட்டையின் நடுப்பகுதியில் இருபக்கமும் ஓலை எடுத்து, நரம்பை நீக்கி, உலர்த்தி, ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். வளர்ந்த மரத்தில் நைட்ரஜன் 2.5 சதவீதத்துக்கும் பொட்டாசியம் 1 சதவீதத்துக்கும் பக்கத்தில் இருந்தால் சரி என்பது மலேசியாவில் பழகிய பழைய அளவுகோல்; இங்கத்திய மண்ணுக்கு அது கொஞ்சம் மாறும். ஆந்திரத்தில் பெதவேகியிலுள்ள எண்ணெய்ப்பனை ஆராய்ச்சி நிறுவனம் இதில் நிறைய வேலை செய்திருக்கிறது. ஒரு தோட்டத்தில் ஆண்டுக்கு ஒருமுறை ஓலை எடுத்து அனுப்புவதற்கு ஆகும் செலவு ஒன்றிரண்டு மூட்டை உரத்தின் விலைக்கு மேல் போகாது. ஆனால் கன்றுக்கும் நடவுக்கும் குழாய்க்கும் கிடைக்கும் கவனம் இந்த ஓலைக்குக் கிடைப்பதில்லை.

விலையும் விவசாயியைத் தப்பான பக்கம் தள்ளுகிறது. யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசில் பல ஆண்டுகளாக அசையாமல் நிற்கிறது. பொட்டாஷோ 2010-ல் வந்த சத்து அடிப்படையிலான மானியத் திட்டத்துக்குள் இருப்பதால் உலகச் சந்தையோடு ஏறி இறங்கும். உக்ரைன் போர் நேரத்தில் மூட்டை 1,700 ரூபாயைத் தொட்டது. 2023 அக்டோபரில் தொடங்கிய பருவத்துக்குச் சாம்பல்சத்துக்கான மானியம் கிலோவுக்கு 15 ரூபாய் 91 காசிலிருந்து 2 ரூபாய் 38 காசாக இறங்கியது. தழைச்சத்தைக் கிட்டத்தட்ட இலவசமாகவும் சாம்பல்சத்தை முழு விலைக்கும் விற்றுவிட்டு, சாம்பல்சத்தில் உயிர் வாழும் மரத்தை நடச் சொல்வது முரண். கையில் காசு இல்லாத ஆண்டில் விவசாயி எதைக் குறைப்பார் என்று யாருக்கும் தெரியும். குலை சிறுத்துப்போகும், இரண்டு ஆண்டு கழித்து மரத்தையே குறை சொல்வார்கள்.

இந்தச் சிக்கலிலிருந்து வெளியே வர ஒரு வழி இருக்கிறது. அதைக் காட்டுவதும் வேதியியல்தான். பாமாயிலில் இருப்பது கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன். மூன்றும் காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வந்தவை. மண்ணிலிருந்து எடுத்த பொட்டாசியமோ நைட்ரஜனோ மக்னீசியமோ எண்ணெயோடு ஊரைவிட்டுப் போவதில்லை என்றே சொல்லலாம். அப்படியானால் மரம் எடுத்த சத்தெல்லாம் எங்கே? 1960களில் மலாயாத் தோட்டங்களில் மரத்தைக் கூறுகூறாகப் பிரித்துச் செய்த அளவீடு ஒன்று இன்றும் பாடப்புத்தகங்களில் நிற்கிறது. அதன்படி ஒரு ஹெக்டேர் மரங்கள் ஆண்டில் எடுக்கும் பொட்டாசியம் சுமார் 251 கிலோ. அதில் 25 டன் குலையோடு போவது 93 கிலோ; வெட்டிய மட்டைகளில் 86; ஆண் பூங்கொத்தில் 16; மீதி 56 தண்டு வளர்ச்சிக்கு. மட்டையும் ஆண் பூவும் தோட்டத்திலேயே விழுபவை. அங்கேயே வரிசையாகப் போட்டு மட்கவிட்டால் 102 கிலோ இடம்விட்டு நகரவே நகராது. குலையோடு ஆலைக்குப் போன 93 கிலோவில் ஏறத்தாழ பாதி, காய் உதிர்த்த வெறுங்குலையில் தங்குகிறது. பாக்கியில் பெரும்பகுதி ஆலைக் கழிவுநீரிலும், நார் எரித்த சாம்பலிலும் போகிறது. ஹெக்டேருக்கு 25 டன் குலை விளைந்தால் ஐந்தரை டன் வெறுங்குலை மிஞ்சும். அதைத் திரும்பத் தோட்டத்தில் பரப்பினால் இரண்டு மூட்டை பொட்டாஷுக்குச் சமம். கூடவே நம் கார மண்ணுக்கு மிக அவசரமாகத் தேவைப்படும் கரிமச் சத்தும் ஈரக்காப்பும் கிடைக்கும். வாங்கிப் போட வேண்டியது தண்டுக்குள் போகும் பங்குக்கும், கசிந்து போகும் இழப்புக்கும்தான் என்ற நிலையை நெருங்கலாம். 13 மூட்டை என்ற எண்ணை மண்ணில் எழுதிய விதி என்று ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

இதற்கு ஆலைக்காரர்கள் சொல்லும் மறுப்பு நியாயமானது. வெறுங்குலையில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். லாரி நிறைய ஏற்றினாலும் சத்து கொஞ்சம்தான். அரியலூர் மாவட்டத்து வாரணவாசி போன்ற இடத்து ஆலைக்கு நான்கைந்து மாவட்டத்திலிருந்து குலை வருகிறது. அத்தனை தூரம் கழிவைத் திருப்பி அனுப்பக் கட்டுப்படியாகாது. கொதிகலனில் எரித்தால் நீராவியாவது கிடைக்கும் என்கிறார்கள். இதில் பாதி உண்மை. ஆனால் பறித்த குலை ஒரு நாளைக்குள் ஆலைக்கு வந்தாக வேண்டும் என்பதால் லாரிகள் தினமும் ஓடுகின்றன. வரும்போது நிறைந்து, போகும்போது காலியாகப் போகின்றன. ஆலை வளாகத்திலேயே வெறுங்குலையை நறுக்கி, கழிவுநீரை அதன்மேல் தெளித்து மட்க வைத்தால் கனமும் கொள்ளளவும் பெருமளவு குறையும். கழிவுநீரில் போன பொட்டாசியமும் அதிலேயே பிடிபடும். எரித்தே தீர வேண்டும் என்றால் சாம்பலையாவது எறியாமல் மூட்டை கட்டலாம். குலைச் சாம்பலில் சாம்பல்சத்து ஏறத்தாழ 30 சதவீதம், பொட்டாஷ் மூட்டையில் பாதி. அதன் காரத்தன்மை மலேசியாவின் புளித்த மண்ணுக்கு மருந்து. அரியலூர் மண்ணுக்கு அதையே யோசிக்காமல் போடக் கூடாது, செம்மண்ணுக்கும் மட்குரத்தில் கலப்பதற்கும் பயன்படும்.

இரண்டாவது மறுப்பு, ஒரு ஹெக்டேரில் மூன்று நான்கு டன் எண்ணெய் தரும் பயிர் வேறு எது என்பது. நிலக்கடலையும் எள்ளும் அதன் பக்கத்தில் வர முடியாது என்பது உண்மை. ஆனால் அந்த மகசூல் முழு நீரும் முழு உரமும் கிடைத்த தோட்டத்தின் மகசூல். கோடையில் ஒரு மரத்துக்கு ஒரு நாளைக்கு 200 லிட்டருக்கு மேல் தண்ணீரும், மேலே சொன்ன மூட்டைகளும் கிடைக்காத தோட்டத்தில் மரம் நிற்கும், குலை நிற்காது. நிலக்கடலை தனக்கு வேண்டிய தழைச்சத்தில் பெரும் பங்கைத் தன் வேர் முடிச்சிலேயே தயாரித்துக்கொள்கிறது. அதன் புண்ணாக்கும் கொடியும் மாட்டின் வழியாக அதே ஊர் மண்ணுக்குத் திரும்புகின்றன. எண்ணெய்ப்பனையில் அந்தச் சுற்று ஆலை வாசலில் அறுந்துவிடுகிறது. அறுந்ததைக் கட்டினால் அந்த மரத்தின் மேன்மை நிற்கும். கட்டாமல் விட்டால் மகசூல் ஒப்பீடு காகிதத்தில்தான் நிற்கும்.

இன்னொரு பக்கத்திலிருந்து வரும் குரலுக்கும் பதில் சொல்ல வேண்டும். இத்தனை ஆபத்து என்றால் ரசாயன உரமே வேண்டாம், ஆலைகளை மூடிவிடுங்கள் என்பார்கள். எண்ணூரின் வேதனையை அறிந்தவர்களுக்கு இந்தக் கோபம் புரியும். ஆனால் இலங்கை 2021-ல் என்ன ஆனது என்பதைப் பார்த்துவிட்டோம். அந்த ஏப்ரலில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச எண்ணெய்ப்பனை நடவையும் பாமாயில் இறக்குமதியையும் தடை செய்தார். சில வாரங்களில் ரசாயன உர இறக்குமதியையும் நிறுத்தினார். மாற்று எதுவும் தயாராக இல்லை. நெல்லும் தேயிலையும் சரிந்தன. மலையகத் தோட்டங்களில் கொழுந்து குறைந்து, அங்குள்ள தமிழ்த் தொழிலாளர்களின் நாட்கூலியில் அது நேராக விழுந்தது. நவம்பரில் தடையை விலக்க வேண்டியதாயிற்று. மண்ணிலிருந்து எடுத்ததை ஏதாவது ஒரு வடிவில் திருப்பித் தந்தாக வேண்டும்; அரசாணையால் அதைத் தள்ளுபடி செய்ய முடியாது. நான் கேட்பது, திருப்பித் தரக்கூடியதை முதலில் திருப்பிக் கொடுத்துவிட்டு, குறைகிற பங்குக்கு மட்டும் மூட்டையைத் தேடுங்கள் என்பது. எண்ணூர் ஆலை நெல்லுக்கும் கரும்புக்கும் எப்படியும் ஓடத்தான் போகிறது. அது பாதுகாப்பாக ஓட வேண்டும், குழாயும் தொட்டியும் ஊரார் கண்முன் சோதனைக்கு உட்பட வேண்டும் என்பது தனிக் கோரிக்கை. அதில் சமரசத்துக்கு இடமில்லை. வீணாகும் உரத்தைக் குறைப்பதும் அந்தப் பாதுகாப்பின் ஒரு பகுதிதான்; தேவை குறைந்தால் அம்மோனியாக் கப்பல் வந்து நிற்கும் தடவைகளும் குறையும்.

சுமையை இடம் மாற்றிவிட்டுத் தீர்ந்தது என்று சொல்வதை வடசென்னை முன்பும் அனுபவித்திருக்கிறது. இராயபுரம் வீடுகளின் மாடியிலும் கொடியில் காயும் துணியிலும் படிந்த நிலக்கரித் தூளுக்கு எதிராக உயர் நீதிமன்றம் 2011-ல் உத்தரவிட்டது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் நின்றன. இராயபுரம் மூச்சு விட்டது. நிலக்கரி எண்ணூருக்குப் போனது. எண்ணெய்க் கப்பலுக்கும் உரக் கப்பலுக்கும் இடையில் அதே போன்ற கைமாற்றம் நடந்துவிடக் கூடாது.

ஆலைக் கழிவிலுள்ள சத்தை மண்ணுக்குத் திருப்புவதற்கு முன்மாதிரி தேட வெளிநாடு போக வேண்டியதில்லை. கரும்பாலைகளின் சாராய வடிப்பாலையிலிருந்து வரும் கழிவை எரித்தெடுக்கும் பொட்டாஷை, சாம்பல்சத்து 14.5 சதவீதம் இருக்க வேண்டும் என்ற தர அளவோடு, மத்திய அரசு 2021-ல் மானியத் திட்டத்தில் சேர்த்தது. அதே சட்டகத்தில் எண்ணெய்ப்பனைக் குலைச் சாம்பலுக்கும் வெறுங்குலை மட்குரத்துக்கும் ஒரு தர அளவு வகுத்து இடம் கொடுப்பதில் எந்தத் தடையும் தெரியவில்லை. எண்ணெய்ப்பனையில் ஒரு வசதியும் உண்டு. ஒவ்வொரு மாவட்டத்தையும் அரசு ஒரு நிறுவனத்துக்கு ஒதுக்குகிறது. அந்தப் பகுதி விவசாயி குலையை அந்த ஆலைக்குத்தான் கொடுக்க முடியும். யார் எவ்வளவு குலை கொடுத்தார் என்பது கிலோ வரை ஆலையின் ஏட்டில் இருக்கிறது. கொடுத்த குலையின் எடைக்கு ஏற்ற வெறுங்குலை மட்குரத்தை அதே லாரியில் திருப்பி அனுப்ப வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை பதினேழாவது மட்டையின் ஓலையைச் சோதித்து உரச்சீட்டு எழுதித் தர வேண்டும் என்ற இரண்டு ஷரத்துகளை அந்த ஒதுக்கீட்டு ஒப்பந்தத்தில் சேர்த்துவிடலாம். இன்று நடும் கன்று இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் நிலத்தில் நிற்கப்போகிறது. ஒப்பந்தத்தைத் திருத்த ஏற்ற நேரம் கன்று குழியில் இறங்கும் இந்த ஆண்டுகள்தான்.